பதினேழு தப்பு போடுவது எப்படி

ஏப்ரல் 17, வியாழன்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து இரண்டு நாள் ஆகிறது. இந்த இரண்டு நாளில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், எதிர்வீட்டுப் பரமசிவம் மாமாவின் ஸ்கூட்டருக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் உருட்டிவிட்டதுதான். யார் வைத்த செய்வினையோ என்று பயந்து மாமா ஆபீசுக்கு நடந்தே போனார். உடம்புக்கு நல்லது. நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை.

மத்தியானம் எப்சிபா டீச்சர் வீட்டுக்கே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். எங்கள் கணக்கு டீச்சர். எலுமிச்சம்பழச் செய்தி அதற்குள் எட்டிவிட்டதோ என்று பார்த்தால், விஷயம் அதைவிட மோசம். கோயம்புத்தூர்ப் பக்கம் ஓர் அறக்கட்டளைப் பள்ளி இருக்கிறதாம். அவர்கள் வைக்கும் நுழைவுத் தேர்வில் தேறினால் பதினொன்று, பன்னிரண்டு இரண்டு வருடமும் விடுதி, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். மே நாலாம் தேதி தேர்வு. என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டார். என் பெஞ்சுக்காரி ரமீஜா பெயரையும். அப்பாவும் என்னைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. என் பெயர் பேச்சியம்மாள். குலசாமி பெயர். அப்பாவின் மைக் செட் கடைக்கும் அதே பெயர்தான்: பேச்சி சவுண்ட் சர்வீஸ், பாளையங்கோட்டை. இந்த ஊரில் என்னைவிடச் சத்தம் அதிகம் போடுவது அது ஒன்றுதான். அம்மா மஸ்கட்டில் நர்ஸ். இந்த டைரி அம்மா அனுப்பியது. "ஒரு வாய்தானே இருக்கு, கையையும் பேச விடு" என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்.

ஏப்ரல் 19, சனி

நுழைவுத் தேர்வுக்காக டீச்சர் நடத்தும் முதல் வகுப்பு. பன்னிரண்டு பேர், ஒரு மின்விசிறி.

பாடம் அசமன்பாடு. நான் அதற்கு அசமந்தப்பாடு என்று பெயர் வைத்தேன். பின்பெஞ்சு வரை போய்ச் சேர்ந்தது. சமன்பாடு என்றால் தராசு நேராக நிற்கும், இது சாய்ந்து நிற்கும் தராசு, எந்தப் பக்கம் எவ்வளவு சாயலாம் என்பதுதான் கேள்வி என்றார் டீச்சர். இதுவரை கணக்கு என்றால் x-க்கு ஒரே விடை. இங்கே x ஒரு ஆள் இல்லை, ஒரு கூட்டம். மூன்றைவிடச் சின்னவர்கள் எல்லாரும் வரலாம் என்று தாம்பூலம் வைத்துக் கூப்பிடுகிற மாதிரி.

குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பிக்கொள்ள வேண்டும். −2x < 6 என்றால் x > −3. நான் ரமீஜாவிடம், குறை எண்ணால் பெருக்கினால் குறி திரும்பும், குறை சொன்னால் டீச்சர் முகம் திரும்பும் என்றேன். டீச்சருக்குக் கேட்டுவிட்டது. முகம் திரும்பியது. விதி சரிதான்.

எண்கோட்டில் ஓர் எண் விடையில் சேராது என்றால் அங்கே வெற்று வட்டம், சேரும் என்றால் நிரப்பிய வட்டம். இடைவேளையில் நான் கரும்பலகை எண்கோட்டுக்கு மேலே இரண்டு வெற்று வட்டம் போட்டு, கீழே கோட்டை வளைத்துவிட்டேன். கண்ணாடி போடாத எப்சிபா டீச்சர் தத்ரூபமாக வந்திருந்தார். டீச்சர் உள்ளே வந்து பார்த்தார். சாக்பீஸை எடுத்து இரண்டு வட்டத்தையும் நிரப்பினார். "கண்ணைத் தொறந்துட்டேன். இனி உன்னையத்தான் பாக்கும்" என்றார். அவ்வளவுதான். என்னைவிட ஒரு படி மேல் என்று முதன்முதலாக ஒருவரை ஒப்புக்கொள்கிறேன்.

ஏப்ரல் 21, திங்கள்

கொடை சீசன், அதாவது எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக் காலம், ஆரம்பம். கோயில் கோயிலாக அம்மன் கொடை, சுடலைமாடன் கொடை. ஒரே நாளில் ஒன்பது போன்.

ஏப்ரல் 23, புதன்

கடைப் போன் என் கையில்தான் இருக்கும். அது என் விளையாட்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு, "வணக்கம், பேச்சி சவுண்ட் சர்வீஸ், செக்ரட்டரி மல்லிகா பேசுறேன், ஓனர் மீட்டிங்கில் இருக்கார்" என்பேன். முன்னீர்பள்ளத்துக் கொடைக்காரர் இன்று, "மல்லிகா, ஓனர்ட்ட சொல்லும்மா, போன வருசம் மாதிரி ரெட்டைக் குழாய் ஸ்பீக்கர் கட்டணும்" என்றார். அப்புறம், "மல்லிகாவுக்கு என்ன வயசு?" என்றார். "ஐம்பத்தெட்டு, ரிட்டயர் ஆகப்போறேன்" என்றேன்.

விவரத்தை அப்பாவிடம் சொன்னேன். அப்பாவின் வலது பக்கம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். பஸ்ஸிலும் வலது பக்கம்தான் என் இடம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சரி, இரண்டு வருடமாக.

அப்பா ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே சத்தம் கூடுதலா குறைவா என்று சொல்லிவிடுவார். சாயங்காலம் டிவி சத்தத்துக்குப் பரமசிவம் மாமா வந்து சண்டை போட்டார். அப்பாவுக்குக் காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கும். இந்த ஊரில்தான் எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

வகுப்பு நடுவில் போன். மல்லிகா வராண்டாவுக்கு ஓடினாள். சீவலப்பேரியில் இருந்து, மூன்று நாள் கொடை, சீரியல் லைட்டும் சேர்த்து. பேசி முடித்துத் திரும்பினால் டீச்சர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். x கீழே, பின்னத்தின் அடியில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று ஏதோ நடத்தியிருக்கிறார். அதிலென்ன, தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டியதுதானே.

இனிமேல் போனோடு வந்தால் போனை உடைத்து அதில் எத்தனை பின்னம் வருகிறது என்று எண்ணச் சொல்வேன் என்றார் டீச்சர். மல்லிகாவுக்குக் கட்டாய விடுப்பு.

ஏப்ரல் 27, ஞாயிறு

அப்பா ஒரு பிளாஸ்டிக் வாளி, குவளை, பூட்டு வாங்கி வந்திருக்கிறார். விடுதிக்காம். தேர்வே இன்னும் எழுதவில்லை. டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வாளியைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். நீலக் கலர். நான் அதைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினேன். அப்பா அதன் மேல் கையை வைத்து, பேஸ் பத்தாது என்றார்.

அம்மா வீடியோவில் வந்தாள். அப்பா எங்கே என்றாள். குளிக்கிறார் என்றேன். எப்போது கூப்பிட்டாலும் குளிக்கிறாரே, தாமிரபரணியில் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா என்றாள். என் வாய் எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

ஏப்ரல் 30, புதன்

இன்று நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

காலையில் நான் வகுப்பில் இருந்தேன். போன் வீட்டில். யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், அப்பா எடுத்திருக்கிறார். அவர்கள் சொன்னதற்கெல்லாம் சரி, சரி, செஞ்சிரலாம் என்றிருக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு வேனில் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். இன்றைக்குக் கொடை, செட்டு இன்னும் வரவில்லை, சாமி புறப்பாட்டுக்கு மைக் இல்லை. அப்பா அவர்கள் வாயையே மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். சிரிப்பு அவர்களுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

நான் நடுவில் புகுந்தேன். செக்ரட்டரி மல்லிகா தேதியைத் தப்பாக எழுதிவிட்டாள், அவளை இப்போதே வேலையை விட்டுத் தூக்கிவிட்டோம் என்றேன். ஒருவர் சிரித்துவிட்டார். ஒருவர் சிரித்தால் போதும், கூட்டம் என்பது அசமன்பாடு மாதிரி, ஒரு பக்கம் சாய்ந்தால் மொத்தமும் சாயும். ஸ்பேர் ஆம்ப்ளிபயரையும் இரண்டு குழாயையும் அவர்கள் வேனிலேயே ஏற்றி அப்பாவை அனுப்பிவைத்தேன்.

சிக்னல் சரியில்லை. போன்தான் பழசு. மாற்ற வேண்டும்.

மே 1, வியாழன்

விடுதியில் சாப்பாடு மோசமாகத்தான் இருக்கும். கோயம்புத்தூர்த் தண்ணீருக்கு முடி கொட்டுமாம். இருக்கிற முடியே சடை போட்டால் எலிவால். நிறைய யோசிக்க வேண்டும்.

மே 2, வெள்ளி

ரமீஜாவிடம், தேறாவிட்டால் என்ன ஆகும் என்று சும்மா கேட்டேன். இங்கேயே பதினொன்றில் சேர வேண்டியதுதான் என்றாள். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்து, "ஏட்டி, நீ தேறாமப் போறதா? உனக்கு வாய்தான் கோணல், மண்டை நேராத்தான இருக்கு" என்றாள். போன வருடம் 120-ம் அதற்கு மேலும் எடுத்தவர்களை எடுத்தார்கள், இந்த வருடமும் அதே 120 என்று அறிவித்துவிட்டார்களாம்.

மே 3, சனி

அறிவிக்கிறேன்: அசமன்பாட்டை வாழ்க்கையில் பயன்படுத்திய முதல் பாளையங்கோட்டைப் பெண் நான்தான்.

ஐம்பது கேள்வி. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிப்பார்கள். ஒன்றையும் விடாமல் எழுதி, அதில் w கேள்வி தப்பு என்றால் என் மதிப்பெண் 4(50 − w) − w. அதாவது 200 − 5w. இது 120-ஐவிடக் குறைய வேண்டும்.

200 − 5w < 120

−5w < −80

குறை ஐந்தால் வகுக்கிறேன், குறி திரும்புகிறது. w > 16.

ஆகவே பதினேழு தப்பு. 115 மதிப்பெண். ஐந்தே மதிப்பெண்ணில் போயிற்று.

ஏன் அதற்கும் கீழே போகக் கூடாது? போகலாம். முட்டைகூட வாங்கலாம். ஆனால் அப்பா வாளியை ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறார். முட்டை வாங்கினால் அந்த வாளியை எங்கே கொண்டு ஒளிப்பார்? மயிரிழையில் போயிற்று என்றால் ஆறு மாதம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரியலாம். தோற்றாலும் அளவோடு தோற்க வேண்டும். அதற்குத்தான் கணக்கு.

மே 4, ஞாயிறு

தேர்வு. வாழ்நாளில் இவ்வளவு கவனமாக எந்தத் தேர்வையும் எழுதியதில்லை. சரியாகப் போடுவது சுலபம். சரியான விடையைக் கண்டுபிடித்து, அதைக் கூட்டத்தில் தெரிந்தவரைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போய், பக்கத்து வட்டத்தை நிரப்புவது இருக்கிறதே, அது யோகாசனம்.

கஷ்டமான கணக்கைத் தப்பாகப் போட மனசு வரவில்லை. பாடுபட்டுக் கண்டுபிடித்த விடையைத் தூக்கிப் போடுவதா? ஆகவே எளிய கேள்விகளைத்தான் பலி கொடுத்தேன். பதினாறு பலி முடிந்தது. கடைசிப் பலி நாற்பத்தெட்டாவது கேள்வி. 6/x > 2 எனில் x எங்கே இருக்கும்? x-ஐத் தூக்கி அந்தப் பக்கம் போட்டால் 6 > 2x. x < 3. விடை அ. அரை நிமிட வேலை. அதைத் தாண்டி, பார்க்கக் கொஞ்சம் கௌரவமாக இருந்த இ-யை நிரப்பினேன்: 0 < x < 3. பொய் சொன்னாலும் நம்புகிற மாதிரி சொல்ல வேண்டும்.

வெளியே வந்ததும் அப்பா எப்படி எழுதினே என்று கேட்டார். வலது பக்கம் போய், நினைத்தபடி எழுதினேன் என்றேன். சத்தியமான வார்த்தை.

மே 5, திங்கள்

நன்றாகத் தூங்கினேன். மல்லிகா மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டாள்.

மே 13, செவ்வாய்

மூன்று கொடை, ஒரு சடங்கு வீடு, ஒரு கட்சிக் கூட்டம். கட்சிக்காரர் மல்லிகாவிடம், உங்க குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே என்றார். போன தேர்தலில் உங்களுக்கு ஓட்டுக் கேட்டதே நான்தான் என்றேன். நம்பிவிட்டார். எங்களுக்கெல்லாம் இப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது. அந்த வாளியில் இப்போது வயர் சுற்றி வைத்திருக்கிறேன். அப்பா பார்த்துவிட்டு வயரை எடுத்து வெளியே வைத்துவிட்டு, வாளியைக் கழுவி மறுபடி அலமாரி மேல் ஏற்றினார்.

மே 16, வெள்ளி

பத்தாம் வகுப்பு ரிசல்ட். கணக்கில் தொண்ணூற்றெட்டு. அப்பா சந்தோஷத்தில் டெஸ்டிங் என்று சொல்லிக் குழாயில் மேளம் போட்டுவிட்டார். தெருவே வந்து கல்கண்டு வாங்கிக்கொண்டு போனது.

மே 22, வியாழன்

120.

நூற்றுப் பதினைந்து இல்லை. 120. தேர்வு ஆனோர் பட்டியலில் கடைசிப் பெயர் பேச்சியம்மாள் சு.

திரையை இரண்டு முறை தேய்த்துப் பார்த்தேன். ரமீஜா வீட்டுக்கு ஓடினேன். அவள் 152. மேலப்பாளையத்துக்கே ஜவ்வரிசிப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவளை மாடிக்கு இழுத்துப் போய்க் கேள்வித்தாளைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏன் இப்படி முழிக்கிறாய் என்றாள். சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் இல்லை, பதினேழு கணக்கை மட்டும். ஏன் என்று கேட்டாள். விடுதிச் சாப்பாடு என்றேன்.

அவள் என் பதினேழையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். நாற்பத்தெட்டில் நின்றாள். சிரிக்க ஆரம்பித்தாள். பாயசம் மூக்கில் ஏறும்வரை சிரித்தாள்.

"x-க்கு −1 போட்டுப் பாருட்டி. மூணை விடச் சின்னதுதானே?"

போட்டேன். 6/−1 என்றால் −6. அது இரண்டைவிடப் பெரியதா? இல்லை.

"x மிகையா குறையான்னே தெரியாம அதால பெருக்கினா குறி திரும்புமா திரும்பாதான்னு எப்படிச் சொல்லுவே? டீச்சர் நடத்தினாவல்லா. நீ எங்க போயிருந்தே?"

வராண்டாவில். சீவலப்பேரிக் கொடை, சீரியல் லைட்டும் சேர்த்து.

ஆக, நான் சரி என்று நினைத்தது தப்பு. தப்பு என்று போட்டது சரி. குறையைக் குறையால் பெருக்கினால் மிகை. ஏழாம் வகுப்பிலிருந்து படிக்கிறேன், அது என் தலையிலேயே வந்து விடியும் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்தால் அப்பா வாளிக்கு எண்ணெய்ப் பெயின்டில் என் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

மே 24, சனி

எங்கிருந்து தொடங்குவது.

சாயங்காலம் எப்சிபா டீச்சர் வீட்டுக்கு வந்தார். வாசலில் லோடு ஆட்டோ, அதன் மேல் இரண்டு குழாய், ராத்திரிக் கொடைக்குப் புறப்பட எல்லாம் தயார். முன் அறையில் ஆம்ப்ளிபயர் ஓடிக்கொண்டிருந்தது, அப்பா டெஸ்டிங்கில் இருந்தார். டீச்சரைப் பார்த்ததும் துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் போய் வலது பக்கம் உட்கார்ந்தேன்.

டீச்சர் கையில் என் விடைத்தாளின் நகல். 

"அண்ணாச்சி, இவ கஷ்டமான கணக்கு அம்புட்டையும் சரியாப் போட்டுட்டு, மூணாங்கிளாஸ் பிள்ளை போடுத கணக்கைத் தப்பாப் போட்டிருக்கா. இது வேணும்னே பண்ணினது. ரமீஜாட்ட கேட்டேன், பதினேழுன்னு சொல்லிட்டா."

அப்பா சிரித்துத் தலையாட்டினார். என் பக்கம் காதைச் சாய்த்தார்.

"கஷ்டமான கணக்கெல்லாம் சரியாப் போட்டிருக்கேனாம்ப்பா" என்றேன்.

அப்பா முகம் மலர்ந்தது. "எல்லாம் உங்க ஆசீர்வாதம் டீச்சர்."

டீச்சர் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். இவளுக்கு அங்கே போக இஷ்டமில்லை போலிருக்கிறது, காரணம் என்ன என்று கேளுங்கள் என்றார். டீச்சருக்கு டீயா காப்பியா என்று கேளுங்கள் என நான் திருப்பிச் சொன்னேன். அப்பா உடனே எழுந்து டீயா காப்பியா டீச்சர் என்றார்.

டீச்சர் விடைத்தாளை மடித்து மடியில் வைத்தார். அப்புறம் அதே முகம், அதே சிரிப்பு, அதே குரல்.

"அண்ணாச்சி, உங்க வீடு தீப்பிடிச்சு எரியுது."

"ரொம்ப சந்தோஷம் டீச்சர்" என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பதினாறு வருடத்தில் முதல்முறை.

டீச்சர் எழுந்தார். மேசையில் இருந்த மைக்கை எடுத்தார். வாசலில் கட்டியிருக்கிற இரண்டு குழாயும் அதனோடு சேர்ந்தே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

"அண்ணாச்சி." தெரு முனை வரை அதிர்ந்தது. காக்கைகள் பறந்தன. டீச்சர் திடுக்கிட்டு மைக்கைப் பார்த்தார், ஆனால் நிறுத்தவில்லை. அதுதான் எப்சிபா டீச்சர். "உங்களுக்குக் காது கேக்கலை. உங்க மக அதை மறைக்கா. நீங்க தனியா இருந்தா போனை யாரு எடுப்பான்னு பயந்து பதினேழு கணக்கை வேணும்னே தப்பாப் போட்டிருக்கா. அதுல ஒண்ணு தப்பாச் சரியாயிட்டுது. இப்பக் கேக்குதா?"

அப்பாவுக்குக் கேட்டது.

தெருவுக்கும் கேட்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து பரமசிவம் மாமா குரல்: "டீச்சர், அவருக்குக் காது கேக்காதுன்னு எங்களுக்கு ரெண்டு வருசமாத் தெரியும்." அடுத்த வீட்டு வாசலிலிருந்து இன்னொரு குரல்: "மல்லிகா யாருன்னும் தெரியும்."

அப்பா எட்டி ஆம்ப்ளிபயரை அணைத்தார். அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு அணைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"போன் எடுக்கது உனக்கு வெளாட்டுன்னுல்லா நெனச்சேன்" என்றார் என்னிடம். "குரல் மாத்திக் குரல் மாத்திப் பேசுதே. சரி, பிள்ளைக்கு அது ஒரு சந்தோஷம், நமக்கும் சௌரியமாப் போச்சுன்னு விட்டுட்டேன். ஒனக்குத் தெரியாதுன்னுதான் நெனச்சேன்."

மகளுக்குத் தெரியாது என்று அவர். அப்பாவுக்குத் தெரியாது என்று நான். ரெண்டு பேரும் ஊருக்குத் தெரியாது என்று. டீச்சர் தானே உள்ளே போய் மூன்று டம்ளர் காப்பி போட்டு எடுத்து வந்தார். சீனி டப்பா எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

அப்பா காப்பியை ஆற்றி ஒரு வாய் குடித்தார். மைக் செட்காரன் காதில் மிஷின் மாட்டினால் ஊர் சிரிக்கும் என்று இத்தனை நாள் போகாமல் இருந்தாராம். ஊர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது, காதில் மிஷின் மாட்டினால் அதுவாவது கேட்கும் என்றார் டீச்சர், வலது பக்கம் வந்து, போதுமான சத்தத்தில்.

அப்பா சிரித்துவிட்டார். புரிந்து சிரித்தார். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

மே 26, திங்கள்

காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் அப்பாவை உட்காரவைத்து, பீப் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். அப்பா நேர்மையாக இருந்தார், கை பெரும்பாலும் மடியிலேயே இருந்தது. கடைசியில் நான் கூண்டுக்கு வெளியே நின்று பழிப்புக் காட்டினேன், அப்பா சிரிக்க, டெஸ்ட் மறுபடி முதலிலிருந்து. இரண்டு காதுக்கும் மிஷின். அளவெடுத்துச் செய்து வர மூன்று வாரம் ஆகும்.

ராத்திரி அப்பா அம்மாவுக்கு அவரே வீடியோ போட்டார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். அறைக்குள்ளிருந்து அம்மா கத்துவது வாசல் வரை கேட்டது. கோபமா, காதுக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மே 29, வியாழன்

அப்பா ஒரு காரியம் செய்தார். கடைப் பலகையில் போன் நம்பருக்குக் கீழே அவர் கையாலேயே எழுதினார்: "நேரில் வரவும். அல்லது எழுதி அனுப்பவும்." சாயங்காலத்துக்குள் ஏழு மெசேஜ். ஒருவர், "மல்லிகாவுக்கு என் அன்பு" என்று போட்டிருந்தார். அப்பா கண்ணாடியை மாட்டி, ஒற்றை விரலால் பதில் அடித்தார். ஒரு "சரி" அடிக்கக் கால் மணி நேரம். நான் வாங்கப் போனேன், தரவில்லை.

நான் இன்னும் அங்கே போக ஒப்புக்கொள்ளவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் டிரங்குப் பெட்டியில் ஏழு ஜோடி துணி மடித்து வைத்திருக்கிறது. மடித்தது நான்தான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

ராத்திரி முழுக்கப் பஸ். காலையில் அந்தப் பள்ளி. பெரிய கூடம், வரிசையாக மேசை, எல்லா அப்பா அம்மாக்களும் பெட்டியோடு. ரமீஜா இரண்டு வரிசை முன்னால், அவள் வாப்பா அவளைவிடப் பயந்துபோய். அப்பாவுக்கு மிஷின் இன்னும் வரவில்லை. நான் வலது பக்கம் ஒட்டி நின்றேன்.

எங்கள் முறை வந்தது. மேசைக்காரர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் கோயம்புத்தூர்ப் பாஷையில் கடகடவென்று ஏதோ கேட்டார். மின்விசிறிச் சத்தத்தில் எனக்கே பாதிதான் கேட்டது. அப்பா முகத்தில் அந்தச் சிரிப்பு வரத் தொடங்கியது, வேன்காரர்களைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. நான் மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன்.

அப்பா கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். சிரிப்பை நிறுத்தினார்.

"ஐயா, எனக்கு இடது காது சுத்தமாக் கேக்காது. வலது பாதி. கொஞ்சம் நிமிந்து, சத்தமாக் கேளுங்க."

கூடம் முழுக்கக் கேட்டது. மைக் செட்காரர் குரல் அல்லவா. வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். திரும்பிப் பார்த்துவிட்டு, அவரவர் பெட்டியைப் பார்க்கப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. இரண்டு வருடமாக எது நடந்துவிடும் என்று நான் ஓடி ஓடிப் போனை எடுத்தேனோ, அது நடந்து முடிந்துவிட்டது.

மேசைக்காரர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். மேசையைச் சுற்றி அப்பாவின் வலது பக்கம் வந்தார். நான் நின்ற இடம் அது. நகர்ந்து கொடுத்தேன். ஒவ்வொரு கேள்வியாக நிதானமாகக் கேட்டார். அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒன்றை மட்டும் மறுபடி கேட்கச் சொன்னார். அவர் மறுபடி கேட்டார். யாருக்கும் ஒன்றும் குடி முழுகவில்லை.

எனக்கு அங்கே வேலையே இல்லை. இந்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கடைசியில் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, அம்மணி வாயே தொறக்க மாட்டேங்குதே. எப்பவுமே இப்பிடி அமைதிங்களா?"

அப்பாவுக்கு அது முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது.

"இல்லய்யா" என்றார். "இன்னைக்கு அவளுக்கு லீவு."